பக்கத்து சேர்ல யாரு உக்காந்திருக்காங்க? அக்கா பதில்கள்

இந்த வாட்டி வந்த கேள்வில பாதிக்கு மேல ஸ்தோத்திரம், சாட்சி (கடவுள் நமக்கு செஞ்சதை சபையில எல்லார் முன்னாடியும் சொல்றது), காணிக்கை, நேர்ச்சை (வேண்டுதல்)ன்னு நன்றியைச் சுத்தியே இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துட்டேன். ஆர்.சி.காரங்க (ரோமன் கத்தோலிக்கர்) கேட்டதும் இருக்கு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே ஆளுங்க கேட்டதும் இருக்கு. நான் பொறந்தது ஆர்.சி., வாக்கப்பட்டது சி.எஸ்.ஐ., மாமியாரோட தங்கச்சி வீடு முழுக்க பெந்தெகொஸ்தே, மூணு பக்கமும் திட்டு வாங்கி பழக்கம்தான், தைரியமா கேளுங்க.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரரும் எதிர்வீட்டு அக்கா வீட்டுக்காரரும் ஒரே ஃபைபர் போட்ல தொழிலுக்கு போறவங்க. போன வருஷம் காத்துல போட் கவுந்து, எங்க வீட்டுக்காரர் மட்டும் காலி கேனை புடிச்சிக்கினு மிதந்து வந்துட்டாரு. அவரு வரல. கொஞ்ச நாள் கழிச்சு வீட்டு ஜெபக்கூட்டத்துல பாஸ்டர் சாட்சி சொல்ல சொன்னாரு, நானும் எழுந்து "என் கண்ணீர் ஜெபத்த கேட்டு கர்த்தர் என் புருஷன திருப்பி குடுத்தாரு"ன்னு மைக்ல சொன்னேன். அந்த அக்கா அப்பவே எழுந்து போயிட்டாங்க, இன்னி வரைக்கும் என் மூஞ்சிய பாக்கல. கர்த்தருக்கு நன்றி சொன்னது தப்பா அக்கா?
(பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட வாசகி, காசிமேடு)

பதில்: நன்றி சொன்னது தப்பு இல்லம்மா. செத்துட்டாருன்னு நினைச்ச மனுஷன் ஈரத் துணியோட வாசல்ல வந்து நிக்கும்போது வாயில வேற என்ன வரும். ஆனா நீ சொன்ன அந்த ஒரு வரிய, எதிர் சேர்ல உக்காந்து ஒரு வாட்டி கேட்டுப் பாரு. "என் கண்ணீர் ஜெபத்த கேட்டு." அந்தம்மாவும் அன்னிக்கு ராத்திரி அதே கரையில நின்னு அதே கர்த்தர்கிட்டதான் அழுதிருப்பாங்க, அப்ப அவங்க கண்ணீர் மட்டும் எங்க போச்சு? நீ அந்த அர்த்தத்துல சொல்லல, எனக்கு தெரியுது, ஆனா மைக் வழியா அவங்க காதுக்கு போனது அதுதான்.

பைபிள்ல அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்து வெச்சிக்கோ. முதல் ரெண்டு வசனத்துலயே ஏரோது ராஜா ஏசுவோட சீஷன் யாக்கோபை பட்டயத்தால கொன்னுடுறான், அடுத்து இன்னொரு சீஷன் பேதுருவையும் புடிச்சு ஜெயில்ல போடுறான், ஆனா பேதுருவ மட்டும் தூதன் வந்து சங்கிலி கழண்டு விழ வெளிய கூட்டிட்டு போறாரு. ஒரே ஊரு, ஒரே சபை, ஒரே ராஜா. இதுல நம்ம காசிமேட்டுக்காரங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, இந்த பேதுருவும் யாக்கோபும் யாரோ எவரோ இல்ல, ரெண்டு பேரும் மீன் தொழில்ல கூட்டாளிங்க, லூக்கா 5ஆம் அதிகாரத்துல அப்படியே எழுதியிருக்கு. அதாவது உன் வீட்டுக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் மாதிரி. ஒருத்தர் திரும்பி வந்தாரு, ஒருத்தர் வரல. ஏன்னு அந்த அதிகாரம் முழுக்க தேடினாலும் கிடைக்காது. பேதுருவுக்கு விசுவாசம் ஜாஸ்தி, யாக்கோபு வீட்டுல ஜெபம் கம்மின்னு ஒரு வார்த்தை கிடையாது.

அப்புறம் பேதுரு நேரா ஜெபம் நடந்துட்டு இருக்குற வீட்டுக்கு போய் கதவை தட்டுறாரு. அங்க போய் எப்படி சாட்சி சொல்றாருன்னு பாரு. எல்லாரும் ஒரே கூச்சல் போடுறாங்க போல, கையமர்த்தி பேசாம இருக்க சொல்லிட்டு, கர்த்தர் தன்னை எப்படி ஜெயில்லேர்ந்து வெளிய கொண்டு வந்தாருன்னு மட்டும் விவரமா சொல்லிட்டு கிளம்பிடுறாரு. "நீங்க நல்லா ஜெபம் பண்ணீங்க, அதான் நான் வந்தேன்"னு சொல்லல. யாக்கோபை அடக்கம் பண்ணி ரொம்ப நாள் ஆகாத ஊரு அது, அந்த நேரத்துல அந்த வாக்கியம் எவ்ளோ பேர் நெஞ்சுல குத்தியிருக்கும்.

சாட்சி சொல்றதுல நம்ம ஊர்ல ஒரு ஸ்டைலே வந்துடுச்சு. பக்கத்து வண்டி அப்பளமா நொறுங்கிச்சு என் வண்டிக்கு கீறல் கூட இல்ல, தெருவே ஜுரத்துல படுத்துது எங்க வீட்டுல ஒருத்தருக்கும் இல்ல, அல்லேலூயா. கேக்கும்போது எனக்கு லூக்கா 18ல வர்ற பரிசேயன் ஞாபகம்தான் வருது, அந்தாளும் தேவாலயத்துல நின்னு "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்"னுதான் ஆரம்பிக்கிறான், ஆனா அடுத்த வார்த்தையே மத்தவன மாதிரி நான் இல்லன்னு போயிடுது. ஏசு அந்த ஸ்தோத்திரத்துக்கு மார்க் போடல. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்பவும், அவங்க என்ன எருசலேம்ல இருக்குற எல்லாரையும் விட பெரிய பாவிங்களா, இல்லன்னு அவரே சொல்லிட்டாரு. இதெல்லாம் பாஸ்டருங்க மைக்க குடுக்கும் முன்னாடி ஒரு வாட்டி சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும், ஆனா மைக்க குடுக்குறதுலதான் அவங்களுக்கு அவசரம்.

சரி, இப்ப என்ன பண்றது. மறுபடியும் சாட்சி சொல்லி சரி பண்ண போகாத. லேவியராகமம் 7ல ஸ்தோத்திர பலிக்கு ஒரு சட்டம் இருக்கு, அந்த கறிய அன்னிக்கே சாப்பிட்டு முடிச்சுடணும், மறுநாள் காலைக்கு வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் ஒரு ஆட்ட ஒரே நாள்ல தின்னு தீக்க முடியுமா, அக்கம்பக்கத்த கூப்பிட்டுதான் ஆகணும், நான் அதை அப்படித்தான் படிக்கிறேன். உன் நன்றிய எதிர்வீட்டுக்கு எடுத்துட்டு போ. வசனம் எதுவும் சொல்லாம போ. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு போ, ஏன்னா கடைசியா அந்த மனுஷன் கூட இருந்தவரு அவருதான், என்ன பேசினாரு, எப்ப வரைக்கும் பக்கத்துல மிதந்தாருன்னு அந்தம்மாவுக்கு கேக்கணும்னு இருக்கும், கேக்க வாய் வராது. மீன்வளத்துறை ஆபீசு, போலீஸ் ஸ்டேஷன், காப்பீட்டு பேப்பர்னு இழுத்தடிக்கிற வேலைக்கெல்லாம் அவரு சாட்சி தேவைப்படும், அந்த சாட்சிய அலையாம போய் சொல்ல சொல்லு. மூஞ்சிய திருப்பிக்கிட்டா திருப்பிக்கட்டும். என்னிக்காவது அந்தம்மா கூட்டத்துக்கு திரும்ப வந்தா, பாஸ்டர்கிட்ட சொல்லி அன்னிக்கு ஸ்தோத்திரமா இருக்குற 103ஆம் சங்கீதம் வேணாம், 88ஆம் சங்கீதம் படிக்க சொல்லு. அது முழுக்க அழுகைதான், கடைசி வசனம் கூட இருட்டுலதான் முடியும், ஸ்தோத்திரம்னு முடிக்காத சங்கீதமும் வேதத்துல இருக்குன்னு அவங்களுக்கு தெரியட்டும்.

கேள்வி: தினமும் ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னா நினைச்ச காரியம் நடக்கும்னு என் நாத்தனார் சொல்றாங்க. புக்கே இருக்கு. சொல்லலாமா?
(வாசகி, புதுவண்ணாரப்பேட்டை)

பதில்: தாராளமா சொல்லுங்க, அதுல இருக்குற வரி நிறைய வேதத்துலேர்ந்து எடுத்ததுதான். எங்க வீட்டுல ஒரு பெரியம்மா காலையில பால் வர்றதுக்குள்ள நூறு முடிச்சுடுவாங்க, கண்ணு மங்கினதுக்கு அப்புறம் மனப்பாடமா. அவங்க எதுவும் நடக்கணும்னு சொல்லல, நடந்ததை மறக்காம இருக்கத்தான் சொன்னாங்க. "நினைச்ச காரியம் நடக்கும்"னு சொல்லும்போதுதான் இடிக்குது. நன்றின்னா ஏற்கனவே வாங்கினதுக்கு சொல்றது, இனிமே வாங்கப் போறதுக்கு குடுக்குற அட்வான்ஸ் இல்ல. எண்ணிக்கை ஜாஸ்தியா இருந்தா கேப்பாருன்னு நினைக்கிற ஜெபத்தை பத்தி மத்தேயு 6:7 என்ன சொல்லுதுன்னு நாத்தனாரோட சேர்ந்தே படிச்சு பாருங்க, சண்டை வந்தா என் பேர சொல்லாதீங்க.

கேள்வி: எங்க அம்மாவுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரில பெரிய ஆபரேஷன் நடந்து நல்லபடியா வந்துட்டாங்க. என் வொய்ஃப் கிறிஸ்டியன், நான் இந்து. டிஸ்சார்ஜ் ஆன அன்னிலேர்ந்து "ஏசப்பா சுகம் குடுத்தாரு, ஏசப்பா சுகம் குடுத்தாரு"ன்னு போன்ல எல்லார்கிட்டயும் சொல்றாங்க. ராத்திரி முழுக்க நின்ன டாக்டருக்கும் நர்சுக்கும் ஒரு தேங்க்ஸ் கிடையாது. எனக்கு கடுப்பா இருக்கு.
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: கடுப்புல நியாயம் இருக்கு சார். உங்க வொய்ஃப்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, பத்து குஷ்டரோகிங்க சுகமாகி ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து ஏசுவுக்கு நன்றி சொன்ன கதை அவங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கும், சண்டே கிளாஸ்ல வருஷா வருஷம் நடத்துற கதை. அந்த கதை நாலு சுவிசேஷத்துல லூக்கா எழுதினதுல மட்டும்தான் இருக்கு, அந்த லூக்காவ, சபைகளுக்கு கடிதம் எழுதின பவுல் எப்படி கூப்பிடுறாருன்னா பிரியமான வைத்தியன்னு. நன்றிய பத்தி நம்மகிட்ட இருக்குற முக்கியமான கதைய எழுதி வெச்சதே ஒரு டாக்டர்தான்.

ரெண்டாவது, எங்க ஆர்.சி. பைபிள்ல சீராக்னு ஒரு புத்தகம் உண்டு, அதுல 38ஆம் அதிகாரம் ஆரம்பமே வைத்தியர மதிக்கணும், அவரையும் ஆண்டவர்தான் படைச்சாரு, மருந்தும் அவர் மண்ணுலேர்ந்து வர வெச்சதுதான்னு போகுது. உங்க வொய்ஃப் சபையில அந்த புத்தகம் இல்லன்னு சொல்லுவாங்க, பரவால்ல, பவுல் ரோமருக்கு எழுதின கடிதத்தோட கடைசி அதிகாரத்த எடுக்க சொல்லுங்க, தனக்காக கழுத்த குடுத்தவங்கன்னு பிரிஸ்கில்லா ஆக்கில்லா பேர சொல்லி நன்றி சொல்லியிருப்பாரு. கடவுளுக்கு சொன்னா மனுஷனுக்கு சொல்ல வேணாம்னு பவுலுக்கே தோணல.

நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. அவங்க போன்ல சொல்றத நிறுத்த சொல்லாதீங்க, அது அவங்க பயம் வெளிய போற வழி, மாமியாருக்காக உக்காந்து அழுதிருக்காங்க இல்ல. அடுத்த செக்கப்புக்கு ரெண்டு பேருமா போகும்போது வார்டு பக்கமும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க. ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டி பாத்த நர்ச பகல்ல கண்டுபிடிக்கிறது கஷ்டம், பேர கேட்டுக்கிட்டு போங்க.

கேள்வி: முதல் வேலை, முதல் சம்பளம் 18,000. மொத்தத்தையும் முதற்பலன்னு (முதல்ல கிடைச்சதை கடவுளுக்கு குடுக்குறது) சர்ச்ல வைக்கணும்னு அம்மா சொல்றாங்க. ரூம் வாடகை, லோன் இருக்கு. வைக்கலன்னா நன்றி கெட்டவனா?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: இல்ல தம்பி. 2 கொரிந்தியர் 9:7 படி, விசனமாயுமல்ல கட்டாயமாயுமல்ல, மனசுல தீர்மானிச்சபடி குடு. வாடகைய கடன் சொல்லிட்டு காணிக்கை வைக்கிறது ஹவுஸ் ஓனர் காசுல ஸ்தோத்திரம் பண்ற மாதிரி. குழந்தை பொறந்தா ஒரு ஆட்டுக்குட்டி குடுக்கணும், முடியலன்னா ரெண்டு புறா போதும்னு மோசே சட்டத்துலயே சலுகை இருக்கு, ஏசு பொறந்தப்போ மரியாளும் யோசேப்பும் அந்த சலுகையிலதான் குடுத்தாங்க, லூக்கா 2ல இருக்கு. அம்மாகிட்ட அதை காட்டு. அம்மா மனசு ஆறுற அளவுக்கு ஒரு தொகை கவர்ல போடு, அதோட அம்மாவுக்கு ஒரு புடவையும் எடுத்துக் குடு, பாதி பிரச்சினை அங்கயே தீரும்.

ஒரு சின்ன புலம்பல். இன்னார் குடும்பம், பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, ரூபாய் இவ்வளவுன்னு தொகையோட வாசிக்கிற வழக்கத்தை சில சர்ச்ல இன்னும் விடல. பேர வாசிங்க, ஜெபம் பண்ணுங்க, தொகை எதுக்கு? ஐநூறுன்னு வாசிச்சதும் அடுத்து ஐயாயிரம்னு வாசிக்கும்போது ஐநூறு குடுத்தவங்க தலை குனியுறத நான் பின் வரிசையிலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன்.

கேள்வி: ஆத்துல இறால் தடவி புடிச்சு பொழைக்கிற குடும்பம் எங்களுது. 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து ஆறு முழுக்க படிஞ்சப்போ வலை, போட், கை கால் எல்லாம் கறுப்பு. பொழப்பே போச்சு. அப்பவும் ஊழியக்காரர் ஒருத்தர் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்னு இருக்கு, இதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க, முறுமுறுக்காதீங்க"ன்னாரு. எனக்கு வாய் வரல. நான் விசுவாசம் இல்லாதவனா?
(வாசகர், எண்ணூர்)

பதில்: எண்ணெய்க்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கும் வாய் வராதுண்ணே.

அந்த வசனம் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினது. அந்த ஊர்லேர்ந்து ராத்திரியோட ராத்திரியா தப்பிச்சு போனவர் அவரு, அவரு பின்னாடி நின்னவங்கள வீடு புகுந்து இழுத்துட்டு போனாங்க. அடி வாங்கின ஜனங்களுக்கு, அடி வாங்கின ஆளு எழுதுறாரு. ஏசி கார்ல வந்து கறுப்பு படிஞ்ச கரையில நின்னு சொல்றவங்க வாயில அதே வசனம் வேற மாதிரிதான் கேக்கும்.

இதுக்கு நம்ம ஆளுங்க சொல்ற இன்னொரு வசனம் ஆபகூக்ல இருக்கு, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்துல மாடு இல்லாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்னு. நல்ல வசனம், வாசல்ல ஸ்டிக்கராவே ஒட்டியிருக்காங்க. ஆனா ஆபகூக் மொத்தமே மூணு அதிகாரம், இது மூணாவது அதிகாரத்தோட கடைசி. முதல் அதிகாரம் எப்படி தொடங்குதுன்னா, எதுவரைக்கும் உம்மை நோக்கி கூப்பிடுவேன், நீர் கேக்கவே மாட்டேங்குறீரேன்னு. அநியாயம் நடக்குது, நியாயம் புரண்டு போகுது, நீர் சும்மா பாத்துட்டு இருக்கீரேன்னு நேருக்கு நேரா சண்டை. அந்தாளு முறுமுறுத்து, கேள்வி கேட்டு, பதிலுக்கு காவல் கோபுரத்துல ஏறி நின்னு காத்துட்டு இருந்துட்டுதான் கடைசில அந்த மகிழ்ச்சிக்கு வர்றாரு. முதல் ரெண்டு அதிகாரத்தை தாண்டி மூணாவதுக்கு ஆளுங்கள தள்ளிட்டு போறது யார் குடுத்த அதிகாரம்?

லாசரு செத்தப்போ மார்த்தாளும் மரியாளும் தனித்தனியா வந்து, நீர் இங்க இருந்திருந்தா எங்க தம்பி செத்திருக்க மாட்டான்னு ஏசு மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. முறுமுறுக்காதன்னு அவர் சொல்லல, கண்ணீர் விட்டாரு. கல்லறைக் கல்ல எடுத்தப்புறம்தான் பிதாவே உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்னு சொல்றாரு. உங்களுக்கு எந்த கட்டம் நடக்குதோ அதுல இருங்க.

நன்றி சொல்ல எதுவும் இல்லையான்னா, அப்படியும் இல்ல. ஏரியா பசங்க எண்ணெய வழிச்சு எடுத்தது, யாரோ ஒருத்தர் அரிசி மூட்டை இறக்கினது, இதுக்கெல்லாம் பேர் சொல்லி நன்றி சொல்லுங்க. அதோட நிவாரணத்துக்கும் ஆத்த சுத்தம் பண்றதுக்கும் போடுற மனுவையும் விடாதீங்க. ஸ்தோத்திரம் சொல்லிட்டோமேன்னு மனு போடாம இருக்க வேணாம், விடாம போய் ஜட்ஜை தொந்தரவு பண்ணின விதவைய ஏசுவே ஜெபத்துக்கு உதாரணமா சொல்லியிருக்காரு.

கேள்வி: கம்பெனி கேன்டீன்ல சாப்பிடும் முன்னாடி கண்ண மூடி ஜெபம் பண்ணா பசங்க கலாய்க்கிறாங்க. மனசுக்குள்ள சொன்னா போதாதா?
(வாசகி, மணலி)

பதில்: போதும். இருந்தாலும் ஒரு தகவல்: பவுல் போன கப்பல் புயல்ல மாட்டி, 14 நாள் யாரும் சரியா சாப்பிடாம கிடந்தப்போ, அவர் அப்பத்தை எடுத்து எல்லார் முன்னாடியும் ஸ்தோத்திரம் பண்ணி சாப்பிட ஆரம்பிச்சாரு, கப்பல்ல இருந்தது 276 பேர், அதுல நிறைய பேரு மாலுமி, சோல்ஜர், கைதி. யாரும் கலாய்க்கல, தெம்பு வந்து சாப்பிட்டாங்க. அப்புறம் உபாகமம் 8:10 சாப்பிட்டு திருப்தியானதுக்கு அப்புறம் ஸ்தோத்திரம் பண்ண சொல்லுது. கை கழுவப் போற வழியில சொல்லிக்கோ, யாருக்கும் தெரியாது.

கேள்வி: குழந்தை பொறந்தா கொடியேத்தத்துக்கு வீட்லேர்ந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் வரைக்கும் நடந்தே வரேன்னு மாதாவுக்கு நேர்ச்சை வெச்சேன். குழந்தை பொறந்துடுச்சு, ஆனா சிசேரியன், முதுகு வலி, நடக்க முடியல. மாதா கோச்சுப்பாங்களா?
(வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: பச்ச உடம்புக்காரி நடக்கலன்னு எந்த அம்மா கோச்சுப்பாங்க. அதுவும் ஆகஸ்ட் 29, எப்ப மழை புடிக்கும்னு தெரியாத சீசன், அன்னிக்கு பீச் ரோடு முழுக்க கூட்டம். இதுக்கு திருச்சபைச் சட்டத்துலயே வழி இருக்கு. தனிப்பட்ட முறையில வெச்ச நேர்ச்சைய அதுக்கு சமமான, இல்ல அதை விட நல்ல வேற ஒரு காரியமா நீங்களே மாத்திக்கலாம், 1197ஆம் எண். மொத்தமா விடுவிக்கணும்னா நியாயமான காரணம் இருந்தா உங்க பங்குத்தந்தையே விடுவிக்கலாம், அது 1196. ஃபாதர்கிட்ட பூசை முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் பேசுங்க, தூக்கம் வரும். எனக்கு கேட்டா, உங்க தெரு வழியா காவி கட்டிக்கிட்டு நடந்து போறவங்களுக்கு வாசல்ல மோர் குடுங்க, குழந்தைய மடியில வெச்சிக்கிட்டே குடுக்கலாம், திருவிழா நாளான செப்டம்பர் 8க்குள்ள ஒரு நாள் கூட்டம் கம்மியா இருக்கும்போது ஆட்டோல போய் மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்துடுங்க.

கேள்வி: நம்ம ஏரியால வயலே கிடையாது. சர்ச்ல அறுப்பின் பண்டிகைன்னு (விளைஞ்சதை காணிக்கையா கொண்டு வந்து வைக்கிற நாள்) வருஷா வருஷம் எதுக்கு? யாரு என்னத்த அறுத்தா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: கேள்வி நல்லா இருக்கு, ஆனா உங்க சர்ச் வாசல்ல அன்னிக்கு வந்து இறங்குறத கொஞ்சம் கவனிங்க. வாழைத்தாரும் கரும்பும் கோயம்பேட்லேர்ந்து வருதுன்னு வைங்க, அது அலங்காரம். வீட்லேர்ந்து வர்றதுதான் விஷயம்: கேக் சுடுறவங்க கேக், தையல் மெஷின் வெச்சிருக்கிறவங்க தலகாணி உறை, மாடியில வளத்த கறிவேப்பிலை, ஊறுகாய் போட்டு விக்கிறவங்க ஒரு பாட்டில், கடல் தொழில்காரங்க ஐஸ்ல போட்ட வஞ்சிரம். அவங்கவங்க கையில விளைஞ்சது அது. உபாகமம் 26ல முதற்பலன கூடையில கொண்டு வர்றவன் சும்மா வெச்சிட்டு போகக் கூடாது, நாங்க எங்கேர்ந்து வந்தோம், எகிப்துல எப்படி அடிமையா கிடந்தோம்னு வாய் விட்டு சொல்லணும், அப்புறம் கோயில் ஊழியம் பண்ற லேவியனையும் ஊர் பேர் தெரியாத பரதேசியையும் (வெளியூர்லேர்ந்து வந்தவன்) சேத்து சந்தோஷப்படணும்னு இருக்கு. எங்க தாத்தா மில்லுல சேர வந்தப்போ ஒரு டிரங்கு பெட்டிதான்னு சொல்ற குடும்பம் நம்ம பக்கம் எத்தனை இருக்கு, அதை யாராவது மைக்ல சொல்லட்டுமே, ரெண்டு பாட்ட கொறைச்சிக்கிட்டா டைம் இருக்கு.

அன்னிக்கு வந்த பொருளை சர்ச்ல ஏலம் விடுறத பத்தியும் கேட்டிருந்தீங்க. ஒரு தேங்காய் ஆயிரத்துக்கு மேல போறத பாத்து சிரிக்காதீங்க, தேங்காய்க்கு யாரும் அந்த காசு குடுக்கல. ஆனா நாட்டுக்கோழிய மட்டும் வீட்டுல கேக்காம ஏலம் எடுக்காதீங்க, போன வருஷம் எங்க சர்ச்ல ஒருத்தர் உற்சாகத்துல எடுத்துட்டாரு, திரும்பி போக பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க, வெயில்ல கோழியும் கையுமா நின்னவர சர்ச் ஐயரோட (எங்க பாஸ்டர்) டூவீலர்லதான் கொண்டு போய் விட்டாங்க.